மொத்த ஏற்றம்

சூரிச்சிலிருந்து வந்த பார்சலில்
சொக்லேட்டுக்கும் நோவெண்ணெய்க்கும் நடுவே
தீப்பெட்டியளவில் ஒரு சைக்கிள் கணினி.
நிரோஜன் பாவித்துக் கழித்தது.
'அழிக்காமத்தான் அனுப்புறன் மச்சாள்,
பாத்துச் சிரியுங்க' என்று துண்டில் எழுதியிருந்தான்.
பார்த்தேன்.
ஒரே ஞாயிற்றுக்கிழமையில்
ஆயிரத்து நானூறு மீற்றர் ஏறியிருக்கிறான்.
கதிரையில் இருந்த எனக்கு மூச்சு வாங்கியது.

மட்டக்களப்பில் ஏறவேண்டுமென்றால்
கல்லடிப் பாலம்தான்.

மார்கழி, காலை ஐந்தேகால்.
கணினிக்குள் இருக்கிற பயிற்சித் திட்டத்தின் பெயர் குளிர்காலம்.
திரையில் இருபத்துமூன்று பாகை.
இருந்தாலும் காதை மூடித் தொப்பி போட்டிருக்கிறேன்,
ஊர் முழுக்கப் போட்டிருக்கிறது.
எர்வின் றேகல் பூட்டித் தந்த மட்காட்டையும் மீறிச்
சேறு முதுகில் கோடு கீறுகிறது.
கோட்டை மதில், பூங்கா, வாவிக்கரைப் பாதை,
அரசடி, பிறகு பாலம்.

புதுப் பாலத்தால் ஏறி
பழைய இரும்புப் பாலத்தால் திரும்பி
மறுபடி ஏறி.
ஒரு சுற்றுக்கு நாலு மீற்றர் தருகிறது கணினி.
காற்றடித்தாலும் நாலுதான்,
பல்லைக் கடித்து மிதித்தாலும் நாலுதான்.

எட்டாவது சுற்றில்
பழைய பாலத்தில் தூண்டில் போட்டிருந்தவர் கேட்டார்:
'என்ன தங்கச்சி, எதையும் துலைச்சிட்டீங்களா?'
'இல்லண்ணே, ஏறுறன்.'
அவர் இந்தப் பக்கம் பார்த்தார்,
அந்தப் பக்கம் பார்த்தார்.
'எங்க?'

பகலில் நான் மின்மானி வாசிப்பவள்.
நாய் கட்டியிருக்கா என்று படலையில் நின்று கேட்டு
உள்ளே போய், இலக்கம் பார்த்து
பில் துண்டைக் கிழித்துக் கொடுத்தால்
'இவ்வளவா?' என்பார்கள்
கரண்டை நானே குடித்துவிட்டதுபோல.
விடியப்புறத்தில் என் மானியை நான் வாசித்து
'இவ்வளவா?' என்கிறேன்
வேறு குரலில்.

நான் நின்றால் அதுவும் நிற்கும், அது ஒரு வசதி.
மாடு குறுக்கே படுத்திருந்தாலும்
செயின் கழன்றாலும்
மழைக்குக் கடைத் தாழ்வாரத்தில் ஒதுங்கி
பிளேன்டீயும் இஞ்சியுமாய்
அரை மணித்தியாலம் கதைத்துக்கொண்டிருந்தாலும்
சராசரி வேகத்துக்கு ஒரு கீறலும் விழாது.

இருபத்தாறாந் தேதி லீவு. பிந்தித்தான் வெளிக்கிட்டேன்.
டச்பார் பக்கம் திரும்பியபோது
வீதியோரம் சனம், மெழுகுதிரி, பூ.
இறங்கி நின்றேன்.
ஹெல்மெட்டைக் கழற்றுவதா விடுவதா தெரியவில்லை,
கழற்றினேன்.
நெஞ்சுப் பட்டி மட்டும் வேலை செய்தது:
நூற்றைம்பத்தெட்டு,
நூற்றுப்பத்து,
எண்பத்தொன்று.
முன்னால் நின்ற பெண்ணின் திரி அணைய
பக்கத்திலிருந்தவர் தன்னுடையதைச் சரித்தார்.

வீட்டில் வந்து பார்த்தால்
ஓடிய நேரத்தில் அது இல்லை.
விரலால் தள்ளித் தள்ளிக் கீழே போனேன்.
'கழிந்த நேரம்' என்று இன்னொரு வரி,
சின்ன எழுத்தில்.
அதில் இருந்தது.
வாங்கி ஒரு மாதமாகியும் நான் பார்த்திராத வரி.

அதற்குப் பிறகு மூன்று நாள் அடைமழை.
வாவி பாதைக்கு ஏறிவிட்டது.
திரையில் பாதை காய்ந்துதான் கிடந்தது,
நேராக, கறுப்பாக, நம்பச் சொல்லி.
நம்பிப் போனேன்.
அச்சு நனைந்ததும் இறங்கி
செருப்பைக் கைபிடியில் மாட்டி
உருட்டிக்கொண்டு திரும்பினேன்.
அரை கிலோமீற்றர். மணிக்கு மூன்று கிலோமீற்றர் வேகம்.
அதைக் கணக்கில் சேர்த்துக்கொண்டது சனியன்.

முப்பத்தோராந் தேதி பாலத்தில் நிறுத்திப் பார்த்தேன்.
மாதத்தின் மொத்த ஏற்றம்
ஆயிரத்து நானூற்றெட்டு.
நிரோஜனை விட எட்டு மீற்றர் கூட.
அவனுக்கு அது ஒரு பகல் வேலை என்பதை
நான் மறக்கவில்லை,
சொல்லாமல் விடத்தான் போகிறேன்.

யாரிடமாவது சொல்லவேண்டியிருந்தது.
தூண்டில்காரரிடம் சொன்னேன்.
அவர் யோசித்துவிட்டு
வாளியைச் சரித்துக் காட்டினார்:
மூன்று மணலை, ஒரு நண்டு.
'நாலு மணிக்கு வந்தது' என்றார்.